டயல்-அப் மோடம் அடிக்கடி அறுந்துபோகிறதா? லினக்ஸில் பழுது எங்கே என்று பிடிக்கும் வழி

தொலைபேசி லைன் வழியே கம்ப்யூட்டரை இணையத்தோடு சேர்க்கும் டயல்-அப் மோடம் ஒரு நாள் ஒழுங்காக வேலை செய்யும், மறுநாள் டயல் செய்யவே மறுக்கும், அதற்கடுத்த நாள் இணைப்புக் கிடைத்துச் சற்று நேரத்தில் அறுந்துபோகும். விட்டுவிட்டு வரும் இந்த மாதிரிப் பழுதுதான் இருப்பதிலேயே தொல்லை பிடித்தது, ஏனென்றால் நீங்கள் எதையாவது மாற்றிய நேரம் பார்த்து அது தானாகவே சரியாகும், நீங்களும் மாற்றியதால்தான் சரியானது என்று நம்பிவிடுவீர்கள். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். பழைய கம்ப்யூட்டருக்கு உயிர்கொடுப்பவர்களுக்கும் சரி, தொலைபேசி லைனைத் தவிர வேறு வழியில்லாத இடத்தில் இருப்பவர்களுக்கும் சரி, இதுதான் கடைசியில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒரு டயல்-அப் இணைப்பில் நான்கு கண்ணிகள் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையே உள்ளது ஒன்று, மோடத்திலிருந்து சுவர் வரை போகும் தொலைபேசி ஒயர் இன்னொன்று, அதற்கு அப்பால் எதிர்முனை மோடம் வரை உள்ள லைன் மூன்றாவது, இவை எல்லாவற்றுக்கும் மேலே ஓடும் பிபிபி, அதாவது இணையத் தரவை லைனில் கொண்டுபோகும் நெறிமுறை, நான்காவது. நிறையப் பேர் நான்காவதில் ஆரம்பித்து, பிபிபியை நடத்தும் பிபிபிடி நிரலின் ஆப்ஷன்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பழுது முதல் கண்ணியில் இருக்கும். கீழிருந்து மேலே போங்கள்.

முதலில், உங்களிடம் இருப்பது என்ன மோடம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு அடி கூட நகர வேண்டாம். வெளியே தனிப்பெட்டியாக, சீரியல் கேபிளில் இணையும் மோடம் என்றால் கவலை இல்லை, அதற்கு லினக்ஸில் தனி டிரைவரே தேவையில்லை, சீரியல் போர்ட் வேலை செய்தால் அதுவும் வேலை செய்யும். யூஎஸ்பி மோடம் என்றால் செருகிய உடனே, லினக்ஸின் மையமான கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். சிடிசி-ஏசிஎம் டிரைவர் அதைப் பிடித்துக்கொண்டு /டெவ்/டிடிஒய்ஏசிஎம்0 என்ற கோப்பு உருவாகியிருந்தால் அது உண்மையான ஹார்டுவேர் மோடம், நிம்மதியாக இருக்கலாம்.

சிக்கல் பெட்டிக்குள் இருக்கும் பிசிஐ கார்டுகளில்தான். அவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுங்கள். அதில் உங்கள் மோடம் 'சீரியல் கன்ட்ரோலர்' என்று வந்தால் பெரும்பாலும் ஹார்டுவேர் மோடம். யூ.எஸ். ரோபோட்டிக்ஸ் 5610 இப்படிப்பட்டது, கெர்னலே அதைக் கண்டுபிடித்து ஒரு சீரியல் போர்ட்டாகக் காட்டிவிடும், எண் மட்டும் வழக்கமான 0 முதல் 3 வரையில் இல்லாமல் 4 அல்லது அதற்கு மேலே இருக்கலாம். 'கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்' அல்லது வெறும் 'மோடம்' என்று வந்தால் அது வின்மோடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வின்மோடம் என்றால், மோடம் செய்ய வேண்டிய வேலையில் பாதியோ முழுவதுமோ கம்ப்யூட்டரின் சிபியு தலையில் கட்டப்பட்டிருக்கும், அந்த வேலையைச் செய்யும் மென்பொருள் லினக்ஸுக்குக் கிடைத்தால்தான் அது மோடம். லூசென்ட் சிப்புக்கு எல்டிமோடம், ஸ்மார்ட்லிங்க் சிப்புக்கு எஸ்எல்மோடம், கனெக்ஸன்ட் சிப்புக்கு எச்எஸ்எஃப்மோடம் என்று டிரைவர்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே தலைவலி: உள்ளே ஒரு பகுதி மூலநிரல் தராத மூடிய கோப்பு, அது குறிப்பிட்ட கெர்னல்களோடு மட்டும்தான் ஒத்துப்போகும், கெர்னலைப் புதுப்பித்த அன்று மோடம் காணாமல் போகும். கனெக்ஸன்ட் டிரைவரின் இலவசப் பதிப்பு வேகத்தையும் 14.4 கிலோபிட்டில் நிறுத்திவிடும். சிபியு வேறு வேலையில் மும்முரமாக இருக்கும்போதெல்லாம் இணைப்பு அறுகிறது என்றால் காரணம் சிபியு தலையில் கட்டிய இந்த மோடம் வேலைதான், எந்த செட்டிங்கும் அதை முழுதாகத் தீர்க்காது. என் கருத்தைக் கேட்டால், வின்மோடத்தோடு மல்லுக்கட்டும் நேரத்தில் ஒரு பழைய வெளி சீரியல் மோடத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். அதன் முகப்பில் வரிசையாக விளக்குகள் இருக்கும், பழுது பார்க்கும்போது அந்த விளக்குகளைப் போல் உதவுவது வேறொன்றும் இல்லை.

எஸ்எல்மோடத்தை வைத்தே ஓட்டியாக வேண்டும் என்பவர்கள் இரண்டை மட்டும் மறக்க வேண்டாம். எஸ்எல்மோடம்டி என்ற பின்னணி நிரல் ஓடிக்கொண்டிருந்தால்தான் /டெவ்/டிடிஒய்எஸ்எல்0 இருக்கும். டயல் செய்ய டபிள்யூவிடயல் என்ற நிரலைப் பயன்படுத்தினால் அதன் அமைப்புக் கோப்பில் 'கேரியர் செக்' என்பதை 'நோ' என்று வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் கேரியர் (எதிர்முனை மோடத்தின் சைகை) இல்லை என்று டயல் செய்யவே மறுக்கும்.

சீரியல் போர்ட்

லினக்ஸில் /டெவ்/டிடிஒய்எஸ்0 என்பது விண்டோஸில் சொல்லும் காம்1, டிடிஒய்எஸ்1 என்பது காம்2. வழக்கமான பிசியில் காம்1-க்கு ஐஆர்க்யூ (சிபியுவின் கவனத்தைக் கோரும் இன்டரப்ட்டின் எண்) 4, காம்2-க்கு 3. காம்3 மறுபடியும் 4-ஐயும் காம்4 மறுபடியும் 3-ஐயும் எடுத்துக்கொள்ளும், பிசிஐக்கு முந்தைய பழைய ஐஎஸ்ஏ கார்டுகளில் பிரச்சினை பிறக்கும் இடமே இதுதான். பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸில் இரண்டு கார்டுகள் ஒரே ஐஆர்க்யூவைப் பகிர்ந்துகொள்ள முடியாது. காம்1-இல் சீரியல் மவுஸ், காம்3-இல் உள் மோடம் என்று இருந்தால், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் மோடம் தடுமாறும், அல்லது மோடம் ஓடும்போது மவுஸ் உறையும். கார்டில் உள்ள ஜம்பரை மாற்றி யாருக்கும் தராத ஒரு ஐஆர்க்யூவைக் கொடுங்கள், அதே எண்ணை செட்சீரியல் கட்டளை மூலம் லினக்ஸுக்கும் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் மோடம் பதில் சொல்லும், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் பல விநாடி கழித்து வந்து விழும். அப்படி நத்தை வேகத்தில் பதில் வந்தாலே ஐஆர்க்யூ எண் தவறு என்று எடுத்துக்கொள்ளலாம்.

செட்சீரியலை -ஜி சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு போர்ட்டிலும் எந்த யூஆர்ட் சிப் (போர்ட்டில் தரவை அனுப்பி வாங்கும் சிப்) இருக்கிறது என்று காட்டும். 16550ஏ என்று வர வேண்டும். அந்த சிப்பில், வரும் பைட்டுகளைச் சற்று நேரம் சேர்த்துவைக்கும் 16 பைட் பஃபர் உண்டு. 8250 அல்லது 16450 என்று வந்தால் அந்த வசதி இல்லை, ஒரு பைட் வந்து கெர்னல் எடுப்பதற்குள் அடுத்த பைட் வந்தால் முந்தையது போய்விடும், 56கே மோடத்துக்கு அது ஆகாது. 'அன்னோன்' என்று வந்தால் அந்த முகவரியில் போர்ட்டே இல்லை என்று பொருள், பயாஸில் அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம், அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு இடம் இருக்கிறது. ரூட் பயனராக /ப்ராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வரி, எத்தனை பைட் போனது, எத்தனை வந்தது என்று இருக்கும். பிழை ஏதாவது நடந்திருந்தால் மட்டும் அதே வரியில் 'எஃப்இ' அல்லது 'ஓஇ' என்று ஒரு எண் சேரும். ஓஇ ஏறிக்கொண்டே போனால் கம்ப்யூட்டர் பைட்டுகளைச் சரியான நேரத்தில் எடுக்கவில்லை. எஃப்இ ஏறினால் கேபிள் மோசம் அல்லது வேகம் பொருந்தவில்லை. இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை இதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுமே வரவில்லை என்றால் முதல் கண்ணி பெரும்பாலும் சுத்தம், அடுத்ததற்குப் போகலாம்.

ஓஇ வருகிறது, ஹார்டு டிஸ்க் ஓடும்போதெல்லாம் கூடுகிறது என்றால் பழைய ஐடிஇ டிஸ்க்தான் காரணமாக இருக்கும். டிஎம்ஏ (சிபியு ஒவ்வொன்றாகத் தூக்காமல் தரவை நேராக நினைவகத்துக்கு மாற்றும் முறை) இல்லாமல் ஓடும் டிஸ்க் மற்ற இன்டரப்ட்டுகளைக் காக்கவைத்துவிடும். எச்டிபார்ம் கட்டளையில் -டி1 கொடுத்து டிஎம்ஏவை இயக்குங்கள், -யூ1 கொடுத்து டிஸ்க் வேலையின் நடுவே மற்ற இன்டரப்ட்டுகளுக்கும் வழிவிடச் சொல்லுங்கள். ஆனால் மிகப் பழைய சில டிஸ்க் கன்ட்ரோலர்களில் இந்த ஆப்ஷன்கள் தரவையே கெடுத்துவிடும், எனவே முக்கியமான கோப்புகளை வேறெங்காவது நகலெடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனுப்ப ஒன்று, பெற ஒன்று, கிரவுண்ட் ஒன்று என்று மூன்றே ஒயர் உள்ள கேபிளிலும் மோடம் பதில் சொல்லும், டயல் செய்யும், இணைப்பும் கிடைக்கும். பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போதுதான் கதை கந்தலாகும், காரணம் 'கொஞ்சம் பொறு' என்று சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் ஒயர்கள் அதில் இல்லை. எல்லா ஒயரும் உள்ள நேரான மோடம் கேபிள் வேண்டும், இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்கும் நல்-மோடம் கேபிள் ஆகாது.

மோடத்தோடு நேராகப் பேசுங்கள்

மினிகாம் என்ற நிரலை -எஸ் சேர்த்துத் திறந்து, சரியான போர்ட்டையும் 115200 வேகத்தையும், ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலையும் (மேலே சொன்ன ஆர்டிஎஸ், சிடிஎஸ் ஒயர்களால் பொறுக்கச் சொல்லும் முறை) தேர்ந்தெடுங்கள். ஏடி என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். ஓகே என்று வர வேண்டும். வரவில்லை என்றால் மற்ற எதையும் யோசிக்கத் தேவையில்லை, மேலே சொன்ன பகுதிக்குத் திரும்பிப் போங்கள். போர்ட்டைத் திறக்கவே அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேருங்கள், சில லினக்ஸ் விநியோகங்களில் அதே வேலையை யூயூசிபி குழு செய்யும். போர்ட் பூட்டப்பட்டிருக்கிறது என்று வந்தால் வேறு நிரல் அதை வைத்திருக்கிறது, அல்லது பாதியில் செத்த நிரல் /வார்/லாக் அடைவில் பூட்டுக் கோப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. புதிய விநியோகங்களில் யூஎஸ்பி மோடம் வைத்திருப்பவர்கள் மோடம்மேனேஜர் என்ற சேவையை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள், அது தானாகவே போர்ட்டைத் திறந்து கட்டளைகள் அனுப்பி நடுவே குழப்பும்.

ஓகே வந்ததும் ஏடி&எஃப் கொடுத்து மோடத்தைத் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுவாருங்கள். யூ.எஸ். ரோபோட்டிக்ஸ் என்றால் ஏடி&எஃப்1, அதில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலும் சேர்ந்து வந்துவிடும். ராக்வெல், கனெக்ஸன்ட் வகைகளுக்கு &கே3 அதே வேலையைச் செய்யும். எங்கிருந்தோ எடுத்த நீளமான இனிஷியலைசேஷன் வரியை அப்படியே போட்டுவிடாதீர்கள், வேறு சிப்புக்கு எழுதிய வரியால் வரும் பழுதுகள் கொஞ்சநஞ்சமல்ல. தொழிற்சாலை அமைப்போடு &சி1, &டி2 இரண்டும் இருந்தால் போதும். &சி1 இருந்தால்தான் கேரியர் போனது கம்ப்யூட்டருக்குத் தெரியும். &டி2 இருந்தால்தான் பிபிபிடி நின்றதும் மோடம் போனைக் கீழே வைக்கும், இல்லாவிட்டால் லைனைப் பிடித்துக்கொண்டே கிடக்கும், அடுத்த முறை டயல் செய்யும்போது எதுவும் நடக்காது. 'முதல் தடவை வேலை செய்கிறது, இரண்டாவது தடவை ரீபூட் செய்தால்தான் வருகிறது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த &டி2-ஐத்தான்.

மினிகாமிலிருந்தே ஏடிடிடி போட்டு எண்ணைச் சேர்த்து டயல் செய்து பாருங்கள், ஒலியை அணைக்காதீர்கள். 'நோ டயல்டோன்' என்று வருகிறது, ஆனால் போனை எடுத்துக் காதில் வைத்தால் டோன் கேட்கிறது என்றால், ஏடிஎக்ஸ்3 கொடுத்து டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யச் சொல்லுங்கள். குரல் அஞ்சல் காத்திருக்கும்போது லைனில் விட்டுவிட்டு ஒலிக்கும் டோனைச் சில மோடம்கள் டயல் டோனாகவே ஏற்காது, விட்டுவிட்டு வரும் பழுதுக்கு இதுவும் ஒரு காரணம். எக்ஸ்3 கொடுத்தும் லைனில் எந்தச் சத்தமும் இல்லை, ஏடிக்கு மட்டும் ஓகே வருகிறது என்றால், வேறு ஒயரிலும் வேறு சாக்கெட்டிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, மோடத்தின் லைன் பகுதி இறந்திருக்கிறது என்று முடிவு செய்யலாம். மின்னல் அடித்த பிறகு இது சகஜம். மழை இடி வரும்போது மின் ஒயரை மட்டும் கழற்றினால் போதாது, தொலைபேசி ஒயரையும் கழற்றுங்கள்.

இணைப்புக் கிடைத்ததும் 'கனெக்ட் 115200' என்று வந்தால் ஏமாற வேண்டாம், அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள வேகம். ராக்வெல் வகைகளில் ஏடிடபிள்யூ2 கொடுத்தால் லைனின் உண்மையான வேகத்தைச் சொல்லும்.

லைன்

போனை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று சில விநாடிகள் அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் காதைத் தீட்டிக் கேளுங்கள். கரகர, படபட என்று சத்தம் வந்தால் மோடத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மழை நாளில் மட்டும் சத்தம் வந்தால் எங்கோ ஒரு இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்குகிறது. அதைத் தொலைபேசி நிறுவனத்திடம்தான் சொல்ல வேண்டும், சொல்லும்போது பேச்சிலேயே இரைச்சல் கேட்கிறது என்று சொல்லுங்கள், மோடம் மெதுவாக இருக்கிறது என்று சொன்னால் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அதற்கு முன்னால் வீட்டுக்குள் சோதித்துவிடுங்கள். லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் சாக்கெட்டில், குட்டையான ஒரு ஒயரில் மோடத்தை மட்டும் இணைத்து, மற்ற எல்லாப் போன்களையும் பிளவு இணைப்பிகளையும் கழற்றிவிட்டு டயல் செய்யுங்கள். நிலையாக ஓடினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள், எதைச் செருகியதும் கெடுகிறதோ அதுதான் குற்றவாளி. அதே லைனில் டிஎஸ்எல்லும் இருந்தால் மோடத்துக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம் வேண்டும். கால் வெயிட்டிங் வசதி இருந்தால் இரண்டாவது அழைப்பின் 'பீப்' ஒலியே கேரியரைக் கணநேரம் அடித்துவிடும். மோடத்தில் அமைப்பு எண்களை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களில் எஸ்10 என்பது, கேரியர் போன பின் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைப் பத்தில் ஒரு விநாடிக் கணக்கில் வைத்திருக்கிறது, வழக்கமாக 14, அதாவது 1.4 விநாடி. ஏடிஎஸ்10=50 என்று மாற்றினால் 5 விநாடி பொறுக்கும், சின்னச் சின்ன தடங்கல்களைத் தாண்டிவிடும்.

வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். வி.90 முறையின் 56கே என்பது இறக்கும் திசைக்கு மட்டும்தான், அதுவும் எதிர்முனை டிஜிட்டலாகத் தொலைபேசி வலையில் இணைந்திருந்து, நடுவில் ஒரே ஒரு அனலாக் மாற்றம் இருந்தால்தான் கிடைக்கும். உங்கள் லைன் அதற்கு இடம்கொடுக்காவிட்டால் மோடம் நிமிடத்துக்கு நிமிடம் எதிர்முனையோடு மறுபடி பேரம் பேசும், அந்த நேரம் முழுதும் தரவு நிற்கும். ஏடி+எம்எஸ் கட்டளையால் அதற்கு முந்தைய வி.34 முறைக்கு இறக்கி 33.6 கிலோபிட்டுக்கு மேல் போகாமல் பூட்டுங்கள் (எழுதும் விதம் மோடத்துக்கு மோடம் மாறும், கையேட்டைப் பாருங்கள்). அறுந்து அறுந்து வரும் 48 கிலோபிட்டைவிட அசையாத 31.2 கிலோபிட்டில் கோப்பு சீக்கிரம் வந்து சேரும்.

பிபிபிடி சாகும்போது என்ன சொல்கிறது?

பிபிபிடியின் ஆப்ஷன்களில் 'டீபக்' சேருங்கள், அதற்காக டயல் செய்யும் சாட் நிரலுக்கு -வி சேருங்கள். பிறகு இவற்றின் செய்திகள் பதிவாகும் சிஸ்லாக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இணைப்பு அறுந்த கணத்தில் வந்த வரியைப் படியுங்கள். 'மோடம் ஹேங்கப்' என்று வந்தால் கேரியர் போய்விட்டது, லைனையோ மோடத்தையோ பாருங்கள். 'எல்சிபி டெர்மினேட்டட் பை பியர்' என்று வந்தால் எதிர்முனைதான் மரியாதையாக முடித்துக்கொண்டது, நேர வரம்போ சும்மா இருந்ததற்கான வெட்டோ இருக்கலாம், உங்கள் வன்பொருளை விட்டுவிடுங்கள். 'நோ ரெஸ்பான்ஸ் டு 4 எக்கோ-ரெக்வெஸ்ட்ஸ்' என்று வந்தால் கேரியர் இருக்கிறது, ஆனால் தரவு நகரவில்லை, ஃப்ளோ கன்ட்ரோலையும் கேபிளையும் மறுபடி சோதியுங்கள். இந்தக் கடைசிச் செய்தி வர வேண்டுமென்றால் எல்சிபி-எக்கோ-இன்டர்வெல் 30, எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர் 4 என்ற இரண்டு ஆப்ஷன்களும் இருக்க வேண்டும்.

இணைப்பே எழவில்லை, 'சீரியல் லைன் இஸ் லூப்டு பேக்' என்று வருகிறது என்றால், நீங்கள் அனுப்பியதே உங்களுக்குத் திரும்பி வருகிறது. எதிர்முனை இன்னும் பயனர்பெயர் கேட்டுக்கொண்டு நிற்கலாம், அல்லது கேரியர் போய் மோடமே உங்கள் எழுத்துகளைத் திருப்பிக் காட்டலாம். சாட் பாதியில் கைவிட்டால் அதன் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள், சொல்லாமல் விட்டால் 45 விநாடி. டயல் செய்து, மணி அடித்து, இரண்டு மோடங்களும் கைகுலுக்கி முடிப்பதற்குள் அது தீர்ந்துபோகும். டயல் கட்டளைக்கு முன்னால் டைம்அவுட் 90 என்று வையுங்கள். மோடத்தை ரீசெட் செய்யும் ஏடிஇசட் கொடுத்த உடனே அடுத்த கட்டளையை அனுப்பினால் சில மோடங்கள் அதை விழுங்கிவிடும், நடுவில் ஒரு விநாடி இடைவெளி விடுங்கள்.

இணைப்பு எழுந்து பிபிபி0 முகவரியும் கிடைத்து, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் அது வன்பொருள் பழுது இல்லை. லாகில் 'நாட் ரீப்ளேசிங் எக்ஸிஸ்டிங் டீஃபால்ட் ரூட்' என்று இருக்கிறதா பாருங்கள், ஈதர்நெட் கார்டுக்கு முன்பே ஒரு டீஃபால்ட் ரூட் (தரவு வெளியே போகும் இயல்பான வழி) இருந்தால் பிபிபிடி அதன்மேல் கைவைக்காது, அதை நீக்கிவிட்டு டயல் செய்யுங்கள். எண் முகவரிக்கு பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் சேவையகத்தின் முகவரியை எதிர்முனையிடமே கேட்டு வாங்கும் யூஸ்பியர்டிஎன்எஸ் ஆப்ஷனைச் சேருங்கள்.

வெளி மோடம் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அதாவது மின் அடாப்டர். ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, சூடானபின் அறுந்து, ஆறியதும் மறுபடி ஓடினால் அடாப்டரோ மோடமோ சூட்டில் தளர்கிறது. மோடத்தைக் காற்றோட்டமான இடத்தில், வேறு எதன்மேலும் அடுக்காமல் வைத்துப் பாருங்கள். அடாப்டரை மாற்றினால் வோல்ட் எண் மட்டும் பொருந்தினால் போதாது, சில மோடங்கள் டிசிக்குப் பதில் ஏசி வெளியீட்டையே கேட்கும், அடியில் உள்ள லேபிளைப் படித்துவிட்டுச் செருகுங்கள். மாற்றியும் சூட்டில் அறுவது தொடர்ந்தால், அதே கேபிளில் வேறொரு மோடத்தை மாட்டி, அதே எண்ணுக்கு, அதே நேரத்தில் டயல் செய்து பாருங்கள். அது தாக்குப்பிடித்தால் பழைய மோடத்தை ஓய்வுபெற விடலாம்.